ஊழிய அழைப்பு இருக்குன்னு நம்புறேன், ஆனா பாதி நாள் ஃபோன்ல ரீல்ஸ் பார்க்குறதுலயே போயிருது, எப்படி நிறுத்துறது, எல்லா அக்கவுண்டையும் டெலிட் பண்ணணுமா?

ரீல்ஸ எப்படி நிறுத்துறதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு ரீல்ஸ் பிரச்சினையே கிடையாது, அதுல கொஞ்சம் பெருமை கூட இருந்துச்சு. நான் மாட்டுனது கிறிஸ்தவ குரூப்ல நடக்குற உபதேச சண்டையில. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, தசமபாகம் இப்பவும் உண்டா, அந்நியபாஷை நின்னு போச்சா, கிறிஸ்மஸ் கொண்டாடலாமா... தினம் ராத்திரி யாராவது ஒருத்தர் தப்பா எழுதியிருப்பாரு, நான் வசன ஆதாரத்தோட பதில் போடுவேன், அவரு பதிலுக்கு நாலு வசனம் போடுவாரு, மணி ஒண்ணு ஆயிரும், காலையில ஜெபத்துக்கு எந்திரிக்க முடியாது. ஆனா மனசுக்குள்ள ஊழியம் பண்ணிட்டு வந்த திருப்தி. சினிமா கிளிப்ப பார்த்தா குத்துற மனசாட்சி இதுக்கு குத்தவே குத்தாது.

நான் பாளையங்கோட்டை பக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபை. கடையில கணக்கு பார்க்குற வேலை, ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு பாடம் எடுப்பேன். அதுல ஒரு பையனோட அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன்டேன்னு சொல்லியிருந்தேன். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கமெண்டுக்கு பதில் போட்டுருவோம்னு உக்காந்தேன், நிமிர்ந்து பார்த்தா எட்டரை, இனி உள்ள விடமாட்டாங்க. மறுநாள் அவன் கோவமெல்லாம் படல. "அண்ணே, அம்மா நேத்து நீங்க வருவீங்கன்னு தலை சீவி உக்காந்திருந்தாங்க"ன்னான், அவ்வளவுதான். அன்னைக்கு நான் சண்டை போட்ட தலைப்பு விசுவாசமா கிரியையா, அதாவது இரட்சிப்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நல்ல செயலும் வேணுமாங்கிறது. சிரிக்காதீங்க.

அப்புறம்தான் எவாகிரியுஸ்ங்கிறவர பத்தி படிச்சேன். 4ஆம் நூற்றாண்டுல எகிப்து பாலைவனத்துல இருந்த துறவி, 399ல இறந்தாரு. "அகேதியா"ன்னு, அதாவது எதுலயும் மனசு ஒட்டாத சலிப்புன்னு, ஒரு நோவ பத்தி எழுதியிருக்காரு, காலையில பத்து மணிக்கு மேல ரெண்டு மணி வரைக்கும் துறவிய அது பிடிக்குமாம். சூரியன் நகராத மாதிரி இருக்கும், பகல் அம்பது மணி நேரம் ஆன மாதிரி இருக்கும், சாப்பாட்டு நேரம் வந்துருச்சான்னு பார்ப்பான், சகோதரர் யாராவது வர்றாங்களான்னு ஜன்னல ஜன்னல எட்டிப் பார்ப்பான். நோட்டிபிகேஷன் வந்துச்சான்னு நாம ஃபோன எடுக்குறோமே, அதேதான்! சங்கீதம் 91ல "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்"னு வருதுல்ல, அந்த மத்தியானப் பேய் இதுதான்னு அந்த பாலைவனத் துறவிங்க எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு அவர் சொன்ன மருந்து பெருசா ஒண்ணும் இல்ல, அறைய விட்டு ஓடாத, கையில இருக்குற வேலைய பாருன்னுதான்.

எபேசியர் 5:16, "காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்", இத நான் டைம்டேபிள் போடுற வசனம்னுதான் நினைச்சிருந்தேன். கிரேக்க மூலத்துல அது விலை கொடுத்து வாங்குறது, மீட்குறதுங்கிற சொல்லாம், கலாத்தியர் 3:13ல கிறிஸ்து நம்மள "மீட்டுக்கொண்டார்"னு வர்ற அதே சொல். அப்ப நானும் ஏதாவது விலை கொடுக்கணும்ல? எனக்கு அந்த விலை, சண்டையில ஜெயிக்கிறத விட்டுக்கொடுக்குறது. தப்பா எழுதுனவர தப்பாவே விட்டுட்டு எந்திரிச்சு போறது இருக்கே, உபவாசத்த விட கஷ்டம்.

அழைப்புன்னதும் மேடை, மைக், யூட்யூப் சேனல்னு நாம யோசிக்கிறோம். எனக்கு வந்த அழைப்பு பதினோரு பசங்க, ஒரு கணக்கு நோட்டு, வீட்டுல ராத்திரி குடும்ப ஜெபம், இவ்வளவுதான் போல. ஆரம்பத்துல அது கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு.

இப்ப என்ன பண்றேன்னா ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் அடுப்படி அலமாரிக்கு போயிரும், வேதம் வாசிக்க ஆப் கிடையாது, அச்சடிச்ச பைபிள்தான், ஏன்னா ஆப்ப திறந்தா மேல ஒரு மெசேஜ் வந்து எட்டிப் பார்க்கும், அப்புறம் எங்க வாசிக்க. லெந்து காலத்துல, அதான் ஈஸ்டருக்கு முந்துன உபவாச நாட்கள்ல, ஃபேஸ்புக்க ஃபோன்ல இருந்து தூக்குனேன், ஈஸ்டர் முடிஞ்சும் திரும்ப போடல. ஐபிஎல் நேரத்துல அலமாரி சட்டம் ரெண்டு வாரம் காத்துல பறந்துச்சு, அதையும் சொல்லிர்றேன்.

எல்லா அக்கவுண்டையும் டெலிட் பண்ணணுமான்னு கேட்டீங்க. நான் பண்ணல. எங்க சபை வாட்ஸ்அப் குரூப்லதான் யாரு ஆஸ்பத்திரில இருக்காங்கன்னு தெரிய வருது, அத மட்டும் மியூட் போடாம வச்சிருக்கேன். அந்த பையனோட அம்மாவ புதன்கிழமை போய் பார்த்தேன், அரை மணி நேரம் பேசுனதுல முக்காவாசி பையன் கணக்குல ஃபெயில் ஆனத பத்திதான்.