அடுக்களையில் மகன், கடற்கரையில் மருமகள்

கேள்வி: ஜனவரி பிறந்தால் என் மருமகள் வாரம் இரண்டு இரவு ஆமை முட்டைகளைக் காப்பாற்றி எடுத்துவரக் கடற்கரைக்குப் போய்விடுகிறாள். இரண்டு வயதுப் பேரனை என் மகன்தான் தூங்கவைக்கிறான். காலையில் சமையலும் அவன்தான். பகலில் போகக் கூடாதா? எனக்கு மனசே ஆறவில்லை.
– ஒரு மாமியார், சென்னை

பதில்: பகலில் முடியாது அம்மா. பங்குனி ஆமை பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் கரையேறும். ஒன்றரை அடிக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல்கூட இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். விடியும்வரை விட்டால் நாய் தோண்டிவிடும். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டையைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு இடம் மாற்றியாக வேண்டும். நேரமானால் கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் செத்துப்போகும். அதனால்தான் சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடு இரவில் மணலில் நடக்கிறார்கள்.

நானும் தொண்ணூறுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்தவள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. என் கணவருக்குப் பால் காய்ச்சுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் நாள் இரவு பிள்ளை விடாமல் அழுதிருக்கிறாள். பக்கத்து அறையில் படுத்திருந்த என் மாமியார் எழுந்தே வரவில்லை. எனக்கு அது வெகுநாள் வருத்தமாக இருந்தது. ஒருநாள் அவரே சொன்னார்: "நான் எழுந்து வந்திருந்தா அவன் எப்போ கத்துக்கிறது?" அதற்குள் மகள் அப்பா தோளில்தான் தூங்குவேன் என்று அடம்பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தாள்.

உங்கள் மகன் ரசத்தில் புளியைக் கூட்டிவிட்டால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். கரண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் பேரனைத் தூக்கிக்கொண்டு நீங்களும் போங்கள்.

கேள்வி: அசாமில் பறவைக்கு வளைகாப்பு நடத்துகிறார்களாமே, உண்மையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உண்மைதான். காமரூப் மாவட்டத்துத் தாதரா, பசாரியா, சிங்கிமாரி கிராமங்களில் நடக்கிறது. பறவையின் பெயர் ஹர்கிலா. எலும்பை விழுங்குவது என்று பொருள். ஏறக்குறைய ஐந்தடி உயரம் நிற்கும் பெரிய நாரை. வீட்டுத் தோட்டத்து மரங்களில் கூடு கட்டும். குஞ்சுகளுக்கு அழுகிய இறைச்சியையும் கொண்டுவரும். எச்சமும் நாற்றமும் முற்றத்தில் விழ, வீட்டுக்காரர்கள் மரத்தையே வெட்டினார்கள்.

2007-ல் உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் தாதராவில் கூடுகளோடு ஒரு மரம் சாய்வதைப் பார்த்தார். தட்டிக்கேட்டவரை ஊரார் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். இரட்டைப் பெண் குழந்தைகளுக்குத் தாயான அவர் முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஊர்ப் பெண்களைத் தேடிப் போனார். சமையல் போட்டி வைத்துப் பெண்களைக் கூட்டினார். கூடு கட்டும் பருவத்தில், தாய்மை அடைந்த பெண்ணுக்குச் செய்கிற சடங்கைப் பறவைக்கும் செய்தார்கள். அபசகுனம் என்று ஒதுக்கிய பறவை அப்படித்தான் வீட்டுப் பெண்ணானது.

எனக்கு முக்கியமாகப் படுவது தறிதான். தறியும் தையல் இயந்திரமும் கிடைத்ததும், பெண்கள் ஹர்கிலா உருவத்தைத் துணியில் நெய்து விற்கத் தொடங்கினார்கள். அடுக்களையோடு இருந்தவர்கள் சம்பாதித்தார்கள், கூட்டங்களில் எழுந்து பேசினார்கள், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைக் காப்பாற்றினார்கள். 'ஹர்கிலா படை'யில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள். அந்த மூன்று கிராமங்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டின. 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் பூர்ணிமாவுக்குத் தன் உயரிய விருதைக் கொடுத்தது.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. மொட்டைமாடி விளக்கால் ஆமைக் குஞ்சுக்குக் கெடுதலா?
– வாசகர், நீலாங்கரை

பதில்: ஆமாம். முட்டையை விட்டு வந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கமே போகும். இருட்டிய கரையில் அந்த வெளிச்சம் கடல்தான். உங்கள் விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் ஏறிவிடும். மே மாதம் வரை இரவில் அணைத்துவிடுங்கள், கடல் பார்த்த ஜன்னலுக்குத் திரை போடுங்கள். வழிதவறிய குஞ்சைப் பார்த்தால் வாளியில் போட்டு வளர்க்க வேண்டாம், சட்டப்படியும் குற்றம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.