ஸ்பாரிங்கில் (இருவர் மோதிப் பழகும் பயிற்சிச் சண்டையில்) உங்களுக்கு எப்போதும் கைகொடுக்கும் டெக்னிக் எது? உயரம் குறைந்தவருக்கு எது சரிவரும்?

தம்பி, கேள்வியோடு நீங்கள் போட்டிருந்த குறிப்பையும் படித்தேன். ராணிப்பேட்டையில் கராத்தே, நீல பெல்ட், உயரம் 5 அடி 3 அங்குலம், கிளாஸில் நெட்டைப் பையன்களிடம் உதை வாங்கியே பொழுது போகிறது. நான் வேலூர், சத்துவாச்சாரி. ஏறக்குறைய அதே உயரத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக ஸ்பாரிங் செய்கிறேன். அதனால் இது குட்டையானவன் குட்டையானவனுக்குச் சொல்லும் பதில். ஆறடி ஆட்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்குக் கைகொடுப்பது கியாகு சுக்கி, அதுவும் வயிற்றுக்கு. இடது காலை முன்வைத்து நின்றால் வலது கையால் விடும் குத்து. வெள்ளை பெல்ட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ரீல்ஸில் சுழன்று அடிக்கும் கிக் பார்த்துவிட்டு கிளாஸில் சேரும் பையன்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். அந்தக் கிக் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் களைத்துப்போன நேரத்தில் யோசிக்காமல் வருவது எதுவோ அதைத்தான் நம்ப முடியும்.

நெட்டையான ஆள் இதில் எப்படி மாட்டுகிறான் என்று பாருங்கள். அவனுக்குப் பயம் முகத்துக்கு. இரண்டு கையையும் தாடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பான். முழங்கைக்குக் கீழே விலாவும் வயிறும் திறந்து கிடக்கும். நம் தோளோ அவன் நெஞ்சு மட்டத்தில். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்கினாலே குத்து நேராக உள்ளே போய்விடும்.

ஆனால் அவன் சும்மா நிற்கும்போது பாயாதீர்கள். முன்காலை நீட்டி ஒரு மே கேரி, அதாவது நேர் உதை, வைத்தால் நீங்களே போய் அதில் மோதிக்கொள்வீர்கள். அவன் பின்காலால் மாவாஷி கேரி, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் உதை, அடிக்க முழங்காலைத் தூக்கும் நேரம்தான் நமக்கு வேண்டியது. ஒற்றைக் காலில் நிற்பவன் பின்வாங்கவும் முடியாது, விலகவும் முடியாது. மாவாஷியின் வேகமெல்லாம் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. நாம் உள்ளே நுழைந்துவிட்டால் தொடைதான் மேலே படும். அதில் பெரிய வலியும் இல்லை, அவனுக்குப் புள்ளியும் இல்லை. அவன் வலது கால் நம் இடது பக்கமாக வரும். இடது கையை மடக்கித் தலையையும் விலாவையும் மூடிக்கொண்டு, முன்காலை அவன் ஊன்றியிருக்கும் காலுக்குப் பக்கத்தில் வைத்து, பின் குதிகாலைத் தரையில் அழுத்தி இடுப்பைத் திருப்புங்கள். கை தானாகப் போகும்.

சரி, அவன் உதைக்கவே இல்லை என்றால்? உதைக்க வைக்க வேண்டும். என் கிளாஸ் பையன்களிடம் குத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். முன்னால் இருக்கும் கையால் முகத்துக்கு ஒரு பொய்க் குத்து காட்டிவிட்டுப் பின்வாங்கும்போது, இடது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தி விலாவைக் காட்டுவேன். உடம்பில் விழும் கிக்குக்கு 2 புள்ளி என்பது எல்லாருக்கும் தெரியும், ஆசை வந்துவிடும். முதல் முறை கொஞ்சமாகக் காட்டுங்கள், அவன் கண் அங்கே போகிறதா என்று பாருங்கள். போனால் அடுத்த முறை கால் வரும்.

கால் கிளம்புவது தெரிய வேண்டும் என்றால் தோளைப் பார்க்க வேண்டும். சத்துவாச்சாரி எடைதூக்கும் ஊர். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர். அதனால் பாரம் தூக்கிப் பழகிய பையன்கள் கராத்தேக்கும் வருவார்கள். தொடை உரல் மாதிரி இருக்கும், ஒரு கிக் சரியாகப் பட்டால் அன்றைக்கு இரவு புரண்டு படுக்க முடியாது. ஆனால் உதைப்பதற்கு முன் பெரும்பாலும் தோள் ஏறி இறுகிவிடும். அது போதும் நமக்கு.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி குத்துக்கு 1, உடம்புக்கு விழும் கிக்குக்கு 2, தலைக்கு விழும் கிக்குக்கு 3. இப்படிப் பார்த்தால் குத்து மலிவுச் சரக்குதான். ஆனால் எதிராளி அதே நொடியில் எடுக்காமல் நீங்கள் முதல் புள்ளி எடுத்துவிட்டால் சென்ஷு, அதாவது முதல் புள்ளிக்கான முன்னுரிமை, உங்களுக்கு. சமமாக முடிந்தால் சென்ஷு இருப்பவருக்கே வெற்றி. அந்த முதல் 1 புள்ளியை மலிவாக எடுத்து வைத்துக்கொண்டால், அப்புறம் துரத்த வேண்டியது அவன். துரத்தி வருபவன்தான் கால் தூக்குவான்.

வெயிலையும் சொல்ல வேண்டும், ராணிப்பேட்டைக்காரரான உங்களுக்கு அது புதிதில்லை. ஏப்ரல், மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. மாலை கிளாஸுக்கு மொட்டை மாடியில் கால் வைத்தால் தளம் அப்போதும் சுடும். அந்தச் சூட்டில் குதித்துக் குதித்து ஆடுபவன் இரண்டாவது நிமிடத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்பான். நான் நின்ற இடத்தில் நின்று காத்திருக்கிற ஆட்டத்துக்குப் பழகியதற்கு வேலூரும் ஒரு காரணம்.

பின்கால் ஆட்களுக்கு இந்த மருந்து சரி. முன்காலாலேயே சட்சட்டென்று தட்டுபவனிடம் பலிக்காது. அவன் கால் வருவதற்கு நேரமே எடுக்காது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், அந்த முன்காலை வைத்தே என்னைத் தூரத்தில் நிறுத்திவிடுவார். அவருக்காகத்தான் ஆஷி பராய், அதாவது எதிராளியின் காலை நம் காலால் பெருக்கித் தள்ளுவது, பழகினேன். அவருடைய இடது கால் வரும்போது அரை அடி பின்வாங்கி விடுவேன். உதைத்த கால் கீழே இறங்கித் தரையைத் தொடுகிற, ஆனால் உடம்பின் கனம் இன்னும் அதன் மேல் ஏறாத அந்த நொடியில், என் வலது பாதத்தின் உள்பக்கத்தால் அவர் கணுக்காலை வெளியிலிருந்து உள்ளே பெருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் போனால் கால் காற்றில் இருக்கும், எதையும் பெருக்கவில்லை. கொஞ்சம் தாமதித்தால் கனம் ஏறிவிடும், கம்பத்தை உதைத்தது போல நம் கால்தான் வலிக்கும். சரியாக விழுந்தால் பலமே தேவையில்லை. பெருக்கிய வலது கால் அப்படியே முன்னால் விழும், உடனே இடது கையால் அதே வயிற்றுக் குத்து. ஆள் கீழே விழுந்து, அவர் மேல் கட்டுப்பாட்டோடு குத்து வைத்தால் 3 புள்ளி. விழாவிட்டாலும் பக்கவாட்டில் திரும்பித் தடுமாறுவார், 1 புள்ளி கிடைக்கும்.

பழக ஒரு பழைய ரப்பர் செருப்பு போதும். தரையில் போட்டு, பாதத்தின் உள்பக்கத்தால் அறையின் அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டே போங்கள். செருப்பு துள்ளினால் நீங்கள் உதைக்கிறீர்கள் என்று பொருள். வழுக்கிக்கொண்டு போனால் பெருக்குகிறீர்கள். பிறகு நண்பனைச் சாதாரணமாக நடக்கச் சொல்லி, ஒவ்வொரு அடியிலும் கால் ஊன்றும் நேரத்தைப் பிடித்துத் தொட மட்டும் செய்யுங்கள். தரையையும் பாருங்கள். மண் தரையில் பாதம் சிக்கும், டைல்ஸில் இரண்டு பேரும் வழுக்குவீர்கள், மேட் (பயிற்சி விரிப்பு) தான் இதற்குச் சரி. சிமெண்ட் தளத்தில் யாரையும் முழுசாகப் பெருக்கி விழவைக்காதீர்கள், பின்மண்டை போய் அடிக்கும். மேட் மேலும் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு இறக்குவது நல்ல பழக்கம்.

டேக்வாண்டோ பையன்களோடு ஆடினால் முகத்துக்கு முன்கைக் குத்துக் காட்டுங்கள். அவர்கள் போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது என்பதால் கை இறங்கியே இருக்கும். முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) ஆட்களிடம் மட்டும் அகல நின்று காத்திருக்காதீர்கள். தொடையில் ஒரு லோ கிக் வாங்கினால் அன்றைக்கு ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுவதே கஷ்டம்.

போட்டி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாதமே என்றால் ஆஷி பராயைத் தொடாதீர்கள், அதற்குள் நேரம் பிடிபடாது. விலாவைக் காட்டுவதையும் வயிற்றுக் குத்தையும் மட்டும் தினமும் ஒரே நண்பனோடு பழகுங்கள். முதல் வாரம் அவன் எப்போது உதைப்பான் என்று சொல்லிவிட்டு உதைக்கட்டும், இரண்டாவது வாரத்திலிருந்து சொல்லாமல் உதைக்கட்டும். வயிற்றுக்குக் கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாளே நண்பன் வரமாட்டான்.