ஏரி வாசலில், பஞ்சம் வீட்டில்: பிங்கா மாவட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

ஜிம்பாப்வேயின் வடமேற்கில், கரிபா ஏரியின் தென்கரையில் இருக்கிறது பிங்கா மாவட்டம். அங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் டோங்கா மக்கள். அந்த மாவட்டத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: வரைபடத்தில் பிங்காவின் வடக்கே முழுக்க நீலம். இவ்வளவு பெரிய ஏரியை வைத்துக்கொண்டு அந்த மாவட்டம் ஏன் அடிக்கடி நிவாரண தானியத்துக்குக் கையேந்துகிறது? (வாசகர், ராமநாதபுரம்)

ப: தண்ணீர் பக்கத்தில் இருப்பது வேறு, வயலுக்கு வருவது வேறு. ஏரி வருவதற்கு முன்பு டோங்கா மக்கள் ஜாம்பெசி ஆற்றின் இரு கரையிலும் ஆண்டுக்கு இரண்டு முறை அறுத்தார்கள். நவம்பர் மழையோடு மேட்டில் ஒரு விதைப்பு. மார்ச் வாக்கில் ஆறு பெருகி, வண்டலைக் கரையில் போட்டுவிட்டு வடியும். அந்த ஈரத்தை நம்பி இரண்டாவது விதைப்பு. இந்தக் கரைத் தோட்டத்துக்கு 'ஜெலேலே' என்று பெயர். உள்ளூரில் மழை பொய்த்தாலும் ஜெலேலே கைகொடுக்கும், ஏனென்றால் ஆற்றில் வரும் வெள்ளம் அங்கோலாவிலும் ஜாம்பியாவின் மேற்கிலும் பெய்த மழை.

1955-59இல் கரிபா அணையைக் கட்டினார்கள். 1958 டிசம்பரில் ஆற்றை அடைத்தார்கள். ஏரி நிரம்பி முடிய 1963 ஆகிவிட்டது. கொள்ளளவில் பார்த்தால் மனிதன் கட்டிய ஏரிகளில் உலகிலேயே பெரியது இதுதான். அது முதலில் விழுங்கியது ஜெலேலே நிலத்தைத்தான். கரையோரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மொத்தம் சுமார் 57,000 பேர். அதில் ஏறக்குறைய 23,000 பேர் தென்கரைக்காரர்கள், இன்றைய ஜிம்பாப்வே பக்கம்.

மிஞ்சியது மேட்டுநிலம். ஆண்டுக்கு 400 முதல் 700 மில்லிமீட்டர் மழை. அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மோபானே மரம் அடர்ந்த இடங்களில் பல இடத்தில் மண் களர். மேலே ஒரு சாண் மணல், அடியில் கல்போல் இறுகிய தட்டு. பெய்த மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும். நடுவில் மூன்று வாரம் மழை நின்றால் மக்காச்சோளம் பூக்கும் பருவத்திலேயே கருகிவிடும்.

சரி, ஏரியின் விளிம்பில் பயிர் வைக்கலாமே? வைத்துப் பார்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஏரியின் இயக்கமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 475.5 மீட்டருக்கும் 488.5 மீட்டருக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிப்பது மேல்மடை வெள்ளமும் மின் உற்பத்தியும். விதைப்புக் காலம் அல்ல. பழைய ஆறு மே மாதத்தில் வடிந்து நிலத்தைக் கொடுத்தது. ஏரியோ பெரும்பாலும் ஜூன், ஜூலை வரை ஏறிக்கொண்டே இருக்கிறது. விளிம்பில் விதைத்தவர் அறுப்பதற்குள் தண்ணீர் வயலுக்குள் நிற்கும். மோட்டார் வைத்து இறைக்கலாம்தான். ஆனால் குடியேற்றிய ஊர்கள் பல ஏரியிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கின்றன. கரையோ பல இடங்களில் பாறை மேடு. டீசல் செலவுக்குத் தாங்காது. அந்த அணையின் மின்சாரம் ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கங்களுக்கும் ஹராரே, புலவாயோ ஆலைகளுக்கும் போனது. எழுப்பப்பட்டவர்களின் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு அரை நூற்றாண்டு கழிந்தும் கம்பி எட்டவில்லை. பிங்காவின் வறுமைக்கு வானத்தை மட்டும் குறை சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

கே: மக்கள் எதிர்ப்பில்லாமல் எழுந்து போய்விட்டார்களா? அணையை ஒரு பாம்புத் தெய்வம் உடைத்ததாகவும் படித்தேன். (வாசகி, திருநெல்வேலி)

ப: எதிர்த்தார்கள். வடகரையில், அன்றைய வடக்கு ரொடீஷியாவில் (இன்றைய ஜாம்பியா), சிபெப்போ தலைவரின் ஊரான சிசோமோவில் மக்கள் ஈட்டியோடு நின்றார்கள். ஆளுநர் ஆர்தர் பென்சனே நேரில் வந்து பேசியும் இணங்கவில்லை. 1958 செப்டம்பரில் போலீஸ் சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். பிறகு லாரிகளில் ஏற்றி, சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி லுசிட்டு என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

நீங்கள் படித்த தெய்வம் நியாமிநியாமி: மீன் தலை, பாம்பு உடல். 1957இலும் 1958இலும் அதுவரை யாரும் கண்டிராத வெள்ளம் வந்து கட்டுமானத்தைச் சிதைத்தது உண்மை. அது தெய்வத்தின் கோபம் என்று கரையில் பேசிக்கொண்டதும் உண்மை. இன்று அந்த உருவம் செதுக்கிய கைத்தடிகளைச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள். டோங்கா முதியவர்கள் அதைவிட அதிகம் வருந்திப் பேசுவது 'மலெண்டே' பற்றி. மழைக்காக முன்னோரை வேண்டும் இடங்கள் அவை. முன்னோரின் கல்லறைகளோடு அவையும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. நிவாரணக் கணக்கில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

கே: அவர்கள் சாப்பாடு என்ன? கம்பும் புளியும் அங்கே உண்டு என்கிறார்களே! (வாசகி, விருதுநகர்)

ப: உண்டு. கம்பும் சோளமும் ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டு, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்தவை. புளியமரத்தின் தாயகமும் ஆப்பிரிக்காதான். ஜாம்பெசிப் பள்ளத்தாக்கில் அது தானாக முளைத்து நிற்கிறது.

தினசரிச் சாப்பாடு 'இன்சிமா', அதாவது கெட்டிக் களி. கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் கொதிக்கவிட்டு, பிறகு உலர்ந்த மாவைச் சிறிது சிறிதாகத் தூவி மரத்துடுப்பால் அழுத்திக் கிண்டுவார்கள். துடுப்பு நட்டபடி நிற்கும் பதம் வந்ததும் மூடி வைத்து இறக்குவார்கள். மாவை ஒரே மூச்சில் கொட்டினால் உள்ளே வேகாத கட்டி தங்கும். தொட்டுக்கொள்ள வெண்டைக்காயோ காட்டுக்கீரையோ. 'டெலேலே' என்ற கொழகொழப்பான கறிக்குச் சாம்பல் நீரையோ சோடாவையோ சேர்ப்பார்கள்.

புளிக்கஞ்சி வறட்சி மாதங்களின் உணவு. பழத்தை ஊறவைத்துப் பிசைந்து, அதில் சுத்தமான விறகுச் சாம்பலைக் கொஞ்சம் போட்டுத் தெளியவிட்டு வடிகட்டுகிறார்கள். சாம்பலில் உள்ள காரம் புளியின் அமிலத்தை முறிக்கிறது. அதனால்தான் வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் குடிக்க முடிகிறது. வடித்த நீரில் மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கஞ்சி. சாம்பல் குறைந்தால் பல் கூசும். கூடினால் சவர்க்கார வாடை அடிக்கும். பாவோபாப் மரத்துக் காயின் வெண்ணிற மாவையும் இதேபோல் கஞ்சியில் கரைப்பார்கள். அது இயல்பாகவே இளம் புளிப்பு என்பதால் சாம்பல் வேண்டியதில்லை.

கம்பும் சோளமும் வறட்சி தாங்கும் என்று தெரிந்தும் பலர் மக்காச்சோளம் விதைப்பது ஏன் என்று கேட்கலாம். சிறுதானியக் கதிரைக் குருவிக் கூட்டம் சில நாளில் காலி செய்துவிடும். விடியலிலிருந்து இருட்டும் வரை ஆள் காவல் இருக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் குழந்தைகள் தலையில் விழும், பள்ளிக்கூடம் கெடும். குத்திப் புடைப்பதோ பெண்களுக்குக் கூடுதல் பாடு. மக்காச்சோளத்துக்கு உறை இருக்கிறது, ஆலை இருக்கிறது.

கே: கபென்டா மீன் என்றால் என்ன? எப்படிப் பிடிக்கிறார்கள்? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: நம் நெத்திலிக் கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அளவும் பயன்பாடும் அப்படித்தான். மத்தி இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். இது ஜாம்பெசிக்குச் சொந்தமானது அல்ல. ஆறு ஏரியானதும் நடு ஏரியின் திறந்த நீரில் வாழப் பழகிய மீன் எதுவும் இல்லாமல் போயிற்று. அதனால் 1967-68இல் டாங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பெருகிவிட்டது.

பிடிப்பது இரவில். மிதவைகள் மேல் தளம் போட்ட படகு. இரும்புச் சட்டத்தில் தொங்கும் வட்ட வலை. மேலே வலுவான விளக்கு. வலையை ஆழத்தில் இறக்கிவிட்டு விளக்கைப் போடுவார்கள். வெளிச்சத்துக்கு மிதவை நுண்ணுயிர்கள் வரும், அவற்றைத் தின்னக் கபென்டா கூடும். ஓரிரு மணி நேரம் காத்திருந்து இராட்டினத்தால் வலையைத் தூக்குவார்கள். முழுநிலவை ஒட்டிய நாட்களில் ஏரி முழுக்க வெளிச்சம் என்பதால் மீன் ஓரிடத்தில் கூடாது, படகுகள் கரையில்தான். பிடித்த மீனில் படகிலேயே உப்பைக் கலந்து, விடிந்ததும் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைப்பரண்களில் மெல்லியதாகப் பரப்புவார்கள். நல்ல வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். மழை மாதங்களில்தான் நஷ்டம். மூட்டம் போட்டால் மீன் மஞ்சளித்து நாறும். கனமாகக் கொட்டிவைத்தாலும் அடி மீன் காயாமல் வெக்கையில் கெடும்.

பிங்காக்காரர்களின் மனக்குறை ஒன்று உண்டு, அது நியாயமானது. படகு, இன்ஜின், உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் பெரும் முதல். அதனால் உரிமங்கள் ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள் கையில். ஆற்றை இழந்தவர்களுக்குக் கிடைத்தது படகுக் கூலியும், கரையோரம் செவுள்வலை போடும் அனுமதியும். அந்தக் கரையோரத்தில்தான் முதலையும் நீர்யானையும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து சொந்தமாகக் கபென்டாப் படகு இயக்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டில்தான்.

கே: டோங்கா மக்களுக்குக் காலில் இரண்டே விரல் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். (மாணவர், கோவை)

ப: பொய். ஜிம்பாப்வேயின் வடகோடியில் கன்யெம்பா பக்கம் வாழும் வடோமா என்ற வேறொரு சிறு சமூகத்தில் சில குடும்பங்களுக்கு மட்டும் பரம்பரையாக வரும் பிறவிக் குறை அது. நகரத்தார் அதை டோங்கா மக்கள் மேல் ஒட்டி ஏளனம் செய்துவந்தார்கள். அந்த ஏளனத்தால் பள்ளியிலும் வேலையிலும் குன்றிப்போனவர்கள் பலர். தயவுசெய்து அந்தக் காணொளியைப் பகிர வேண்டாம்.

கே: யானை வயலுக்குள் வந்தால் என்ன செய்வார்கள்? (விவசாயி, தாளவாடி)

ப: உங்களுக்குத் தெரிந்த தொல்லைதான். சிஜாரிரா தேசியப் பூங்கா இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, வேலி கிடையாது. தகரம் தட்டுவதும் தீப்பந்தமும் பழைய முறைகள். யானை விரைவில் பழகிவிடும். ஜாம்பெசிப் பள்ளத்தாக்கில் பரவிய முறை மிளகாய். காய்ந்த மிளகாயை இடித்து யானைச் சாணத்தோடு ஈரமாகப் பிசைந்து, செங்கல் அச்சில் அடித்து நன்கு உலர்த்துகிறார்கள். மாலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, புகை வயலின் விளிம்பைத் தழுவிப் போகும்படி கொளுத்துகிறார்கள். சாணம் தழலாமல் கனிந்து இரவெல்லாம் புகையும். இன்னொன்று, பழைய இன்ஜின் ஆயிலில் மிளகாய்த்தூளைக் குழைத்துத் துணியில் பூசி, வயலைச் சுற்றிய கயிற்றில் தொங்கவிடுவது. மழை பெய்தால் மறுபடி பூச வேண்டும்; அதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு இது தோற்றுப்போகிறது. காற்று திசை மாறினால் செங்கல் புகையும் வீண். ஊரே சேர்ந்து செய்தால் பலன் உண்டு. ஒருவர் மட்டும் செய்தால் யானை அடுத்த வயலுக்குப் போகும்.

1980களின் இறுதியில் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டப்படி, வேட்டைச் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு மாவட்ட மன்றம் வழியாக ஊர்களுக்கு வர வேண்டும். பணம் வருகிறது. ஆனால் பயிரை இழந்த குடும்பத்துக்கு நேரடி இழப்பீடு அது அல்ல.

கே: அங்கே தாய்வழிச் சொத்துரிமையாமே? (வாசகி, நாகர்கோவில்)

ப: ஆம். குழந்தை தாயின் 'முகோவா'வைச் சேர்ந்தது; அது தாய்வழிக் குலம். ஆண் இறந்தால் அவர் சொத்து மரபுப்படி அக்கா, தங்கை பிள்ளைகள் பக்கம் போகும். ஜெலேலே நிலமும் அப்படித்தான் கைமாறியது. குடிபெயர்ந்த பிறகு புதுக் காட்டை வெட்டித் திருத்தியவர்கள் தனித்தனி ஆண்கள் என்பதால், அந்த நிலத்தை மகனே கேட்கும் வழக்கம் வலுத்தது. இரண்டு முறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் கைம்பெண்தான்.

கே: டோங்கா மொழியைப் பள்ளியில் கற்பிக்கிறார்களா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: நெடுங்காலம் இந்தேபெலே, ஷோனா மொழிகளில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டியிருந்தது. டோங்கா மொழி, பண்பாட்டுக் குழு 1970களிலிருந்து விடாமல் போராடியது. 2011இல் ஏழாம் வகுப்பு அரசுத் தேர்வில் டோங்கா ஒரு பாடமானது. 2013 அரசியல் சட்டம் ஏற்ற 16 மொழிகளில் அதுவும் ஒன்று.

கே: விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குப் போகிறோம். பிங்காவையும் பார்க்க முடியுமா? கூடை வாங்க வேண்டும். (வாசகர், சென்னை)

ப: முடியும். மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். புலவாயோ நெடுஞ்சாலையில் டேட்டே சந்திப்பில் திரும்பி, காமடிவி வழியாகப் பிங்கா. வழியில் வரும் ஹ்வாங்கே நகரிலேயே வண்டியின் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சில்லறை அமெரிக்க டாலர் நோட்டு கையில் இருக்கட்டும். இரவில் வண்டி ஓட்ட வேண்டாம். ஆடும் யானையும் சாலையில் நிற்கும். மலேரியாப் பகுதி, மருத்துவரிடம் முன்கூட்டியே மாத்திரை கேளுங்கள். ஏரி விளிம்பில் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்: முதலை ஒரு பக்கம், நத்தைக் காய்ச்சல் எனப்படும் பில்ஹார்சியா ஒரு பக்கம். சிஜாரிராவுக்குள் போவதானால் நீலம், கறுப்பு உடை வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். அதை ஒழிக்க ஜிம்பாப்வேயில் உருவாக்கிய மருந்து தடவிய பொறிகளே நீலமும் கறுப்புமான துணிகள்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் தலைவரைப் பார்த்துவிட்டுப் படம் எடுங்கள். காலையில் 'ம்வபுகா புட்டி' என்று கைகளை மெல்லத் தட்டி வணங்கினால் முகம் மலரும்.

கூடையைப் பிங்கா நகரத்துக் கைவினை மையத்தில் வாங்கினால் பின்னிய பெண்ணுக்குப் பணம் போய்ச் சேரும். பனை இனமான இலாலா ஓலையால் பின்னுவார்கள். அடி சதுரமாகத் தொடங்கி விளிம்பு வட்டமாக முடியும். செம்பழுப்புக் கோலம் மரப்பட்டைச் சாயம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: புள்ளிப் புள்ளியாக ஒளி கசிந்தால் பின்னல் தளர்வு. விளிம்பைக் கட்டிய நார் நெருக்கமாக, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். முதலில் விட்டுப்போவது அதுதான். ஊருக்குக் கொண்டுவந்ததும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பூச்சித் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.