திருத்திய பிறகும் பழைய பக்கமே தெரிகிறதா? கேஷ் பற்றிய கேள்வி பதில்

கேஷ் என்றதும் கல்லாப்பெட்டியை நினைப்பவர்களுக்காக ஒரு வரி: ஒருமுறை தயாரித்த பக்கத்தின் நகலை எடுத்துவைத்து, அடுத்து வருபவருக்கும் அதையே கொடுப்பதுதான் இது.

கேள்வி: கடைத்தளத்தில் விலையைத் திருத்தினேன். எனக்குப் புதிய விலை தெரிகிறது, வாடிக்கையாளருக்குப் பழையது. எதை அழிப்பது?

பதில்: அவசரப்படாதீர்கள். பழைய நகல் உங்கள் சர்வரில் இருக்கலாம், நடுவிலிருந்து நகல்களை வழங்கும் சிடிஎன் என்ற சர்வர் வலையமைப்பில் இருக்கலாம், அவருடைய பிரவுசரிலும் இருக்கலாம். லாகின் செய்தவருக்குப் பெரும்பாலும் பக்கம் புதிதாகவே தயாராகும். ஆகவே உங்கள் கண்ணை நம்ப வேண்டாம். லாகின் செய்யாமல் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில், பக்கத்தோடு சேர்ந்து வரும் குறிப்புகளான ஹெடர்களைப் பாருங்கள். ‘ஏஜ்’ என்பதற்கு நேரே 5400 (விநாடி) என்றிருந்தால், அந்த நகல் ஒன்றரை மணி நேரமாக வழியில் கிடக்கிறது.

கேள்வி: எதற்கு இந்த ஆராய்ச்சி? மொத்தத்தையும் அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. ஒரே ஒரு எழுத்துப்பிழைக்காக, கூட்டம் மிகுந்த நேரத்தில் நானும் அதை அழுத்தியிருக்கிறேன். படம், எழுத்துரு, பக்கம் எல்லாவற்றுக்குமான கோரிக்கைகள் ஒரேயடியாக மூலச் சர்வரில் வந்து விழுந்து, தளம் திணறிப்போனது. மாறிய முகவரியை மட்டும் அழியுங்கள். அந்த விலை தெரியும் முகப்பையும் பட்டியல் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

கேள்வி: பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை மாற்றினேன். சிடிஎன்னில் அழித்தும் சிலருக்குப் பக்கம் குலைந்து தெரிகிறது.

பதில்: ‘மேக்ஸ்-ஏஜ்’, அதாவது நகலை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்ற அளவை, 31536000 என்று கொடுத்திருப்பீர்கள். அது ஓராண்டின் விநாடிக் கணக்கு. வாசகரின் பிரவுசருக்குள் உங்கள் கை எட்டாது. அவரவர் கண்ட்ரோல்-எஃப்5 அழுத்தட்டும் என்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பின் பெயரில் புதிய எண்ணைச் சேருங்கள். பழைய நகல் கிடந்துவிட்டுப் போகட்டும், அதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய எச்டிஎம்எல் பக்கத்துக்கு ஓராண்டு கொடுத்துவிடாதீர்கள். அதற்கு ‘நோ-கேஷ்’ போதும்.

கேள்வி: நோ-கேஷ் என்றால் சேமிக்கவே கூடாது என்பதுதானே?

பதில்: பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்! சேமிக்கலாம், எடுத்துக் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்க வேண்டும். மாற்றமில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், பக்கத்தை மறுபடி அனுப்பாது. அறவே சேமிக்கக் கூடாதென்றால் ‘நோ-ஸ்டோர்’.

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாவில், பல கட்டுரைகளில் பயன்படும் ஒரு வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) ஒரு பகுப்பைச் (கேட்டகரி) சேர்த்தேன். கட்டுரைகள் அந்தப் பகுப்பில் வரவில்லை.

பதில்: அவை வரிசையில் நின்று மெதுவாகப் புதுப்பிக்கப்படும். பொறுமையில்லை என்றால் கட்டுரையின் தொகுப்புப் பெட்டியைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமியுங்கள். வரலாற்றுப் பக்கத்தில் அது பதிவாகாது.