கிரனோலா பார் சுடப் போகிறீர்களா? முதலில் பில்லை எடுத்து வையுங்கள்

ஓட்ஸ், கொட்டைப் பருப்பு, தேன் கலந்து சுடும் தின்பண்டமான கிரனோலா பாரை வீட்டிலேயே சுடுவது பற்றி இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. சமையல் சந்தேகம் என்று எழுதியிருந்தாலும் பாதிக்குப் பாதி கடையில் நடந்த தவறுகள்தான். இடம் போதாததால் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓட்ஸ் வாங்கப் போனேன். ரோல்டு, இன்ஸ்டன்ட், ஸ்டீல்கட் என்று மூன்று வகை இருந்தது. எதை வாங்குவது?

பதில்: ரோல்டு, அதாவது முழுதாகத் தட்டிய, அவல் மாதிரி இருக்கும் ரகம். இன்ஸ்டன்ட் மெல்லியதாகத் தட்டி நறுக்கிய ரகம். பாகு பட்டதும் குழைந்து, பார் கேக் மாதிரி ஆகிவிடும். ஸ்டீல்கட் உடைத்த தானியம். ஓவனில் இருக்கும் அந்த அரை மணி நேரத்துக்குள் வேகாது, பல்லுக்கு வேலை வைக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் ‘ஓட்ஸ்’ என்ற ஒரே சொல் இருக்க வேண்டும். வெனிலா, ஸ்ட்ராபெர்ரி என்று வாசனை சேர்த்தது வேண்டாம்.

கேள்வி: என் பார்கள் உதிர்ந்து தூளாகின்றன. வாசனை தாங்காமல் சூடாக இருக்கும்போதே வெட்டினேன். ஓட்ஸ் தரமில்லை என்று நினைக்கிறேன். கம்பெனிக்குப் புகார் எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள், ஓட்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. காரணத்தை நீங்களே இரண்டாவது வரியில் எழுதிவிட்டீர்கள். பாரைப் பிடித்து நிறுத்துவது சர்க்கரைப் பாகு. சூட்டில் அது இளகியே இருக்கும், ஆறினால்தான் இறுகும். ஓவனிலிருந்து எடுத்துத் தட்டோடு இரண்டு மணி நேரமாவது விட்டுவிட்டு அப்புறம் கத்தியைத் தொடுங்கள்.

அளவும் சொல்லிவிடுகிறேன், இதே புகார் இன்னும் சிலரிடமிருந்தும் வந்திருக்கிறது. ஓட்ஸ் 250 கிராம், கொட்டைப் பருப்பும் விதைகளும் சேர்ந்து 100 கிராம், தேன் 120 கிராம், பழுப்புச் சர்க்கரை 50 கிராம், வெண்ணெய் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. தேன், சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் ஒன்றாகச் சூடாக்கி, நுரைத்துக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு ஓட்ஸில் ஊற்றிக் கிளறுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் கொட்டி, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்துங்கள். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை அழுத்துங்கள். 165 டிகிரி செல்சியஸில் சுமார் 25 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும் வரை. உலர்ந்த திராட்சை சேர்ப்பதானால் கலவைக்குள் புதையும்படி சேருங்கள், மேலே நீட்டிக்கொண்டிருப்பவை கருகிக் கசக்கும்.

கப் கணக்கு வேண்டாம், தராசு வாங்குங்கள். ஒரு கப் ஓட்ஸ் சுமார் 90 கிராம், அதே கப்பில் தேன் 340 கிராம். கப்பில் கொஞ்சம் கூடக் குறைய ஆனால் ஓட்ஸில் தெரியாது, தேனில் பாரே கெட்டுவிடும். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சாதாரணத் தராசு போதும்.

கேள்வி: கிரனோலா பாருக்கென்றே பள்ளம் பள்ளமாகச் சிலிக்கோன் அச்சு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களிடம் கத்தி இருக்கிறது.

கேள்வி: புது ஓவன். 25 நிமிடம் வைக்கச் சொன்னால் 15 நிமிடத்திலேயே மேல்பக்கம் கருகுகிறது, நடுவில் ஈரம். கடைக்காரர் “உங்களுக்குச் செய்யத் தெரியவில்லை” என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார். ரொம்ப அவமானமாகப் போயிற்று.

பதில்: அவமானப்பட வேண்டியவர் அவர். பொருளை விற்றுவிட்டு வாங்கியவரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்வது பழைய தந்திரம். அவரோடு வாதாடாதீர்கள், எண்ணைக் காட்டுங்கள்.

ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இருக்காது. நடுத்தட்டில் வைத்து, 165 டிகிரிக்குத் திருப்பி, சூடேற 20 நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என நாலைந்து தடவை குறித்துக்கொள்ளுங்கள். ஓவன் அணைந்து அணைந்து எரிவதால் முள் ஏறி இறங்கும், சராசரிதான் கணக்கு. பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் வீட்டு ஓவன்களில் சகஜம், திருகைச் சற்றுக் குறைத்து வைத்துப் பழகிக்கொள்ளலாம். நாற்பது ஐம்பது வித்தியாசம் என்றால் அது பழுது. முள்ளும் திருகும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். பில், உத்தரவாத அட்டை நகலோடு எழுத்தில் புகார் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். “எல்லா ஓவனும் இப்படித்தான்” என்று வாயால் சொல்கிறவர் அதைக் கையெழுத்துப் போட்டுத் தர யோசிப்பார்.

புகாருக்கு முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். சின்ன ஓவனில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும், ஒரு படி கீழே வைத்துப் பாருங்கள். விசிறி ஓடுகிற ரகமென்றால் சமையல் குறிப்பில் சொன்னதை விட 20 டிகிரி குறைக்க வேண்டும். கறுப்புத் தட்டும் வெளிர் தட்டை விடச் சூட்டை வேகமாக இழுக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும் கருகினால் விடாதீர்கள்.

நானும் ஓவன் வாங்கியவன்தான். பன்னிரண்டு தானியங்கி முறைகள் என்றார்கள், மயங்கிவிட்டேன். இன்றுவரை பயன்பட்டது ஒரே பொத்தான்.

கேள்வி: பேக்கிங் பேப்பருக்குப் பதில் மெழுகுத்தாளை விரித்துவிட்டேன். புகை வந்து, பாரின் அடியில் தாள் ஒட்டிக்கொண்டது. எச்சரிக்கை போடாத கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: பெயரிலேயே மெழுகு இருக்கிறது. இதற்கு மேல் என்ன எச்சரிக்கை போடுவார்கள்?

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்ட கிரனோலா கலவையை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். அப்படியே தட்டில் அழுத்திச் சுட்டால் பார் தயார் என்று போட்டிருந்தது. தித்திப்பு தாங்கவில்லை. இது எப்படி?

பதில்: வாருங்கள், இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். முன்பக்கம் மலையும் கதிரும் சூரியனும் இருக்கும். பின்பக்கம் கொசு எழுத்தில் பேரீச்சைப் பாகு, சுண்டவைத்துச் செறிவாக்கிய ஆப்பிள் சாறு, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு வரிசை இருக்கும். கரும்புச் சர்க்கரையைக் கையால் அள்ளிப் போடவில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் ‘சேர்க்கப்படவில்லை’. உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டலில் தேன், பாகுகள், பழச்சாறு, செறிவாக்கிய பழச்சாறு எல்லாமே சர்க்கரைக் கணக்கில்தான் வருகின்றன. ஒரு நாள் சாப்பாட்டின் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இவை இருக்க வேண்டும் என்கிறது அது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம்.

அடுத்தது வரிசை. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்தி எழுதுவது முறை. சர்க்கரை ஒரே பெயரில் வந்தால் முதலிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், பார்க்க நன்றாக இருக்காது. என்ன செய்வார்கள்? குளுக்கோஸ் பாகு கொஞ்சம், இன்வர்ட் சர்க்கரை கொஞ்சம், டெக்ஸ்ட்ரோஸ் கொஞ்சம், தேன் கொஞ்சம். நாலாகப் பிரித்தால் நாலும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், ஓட்ஸ் கம்பீரமாக முதலில் நிற்கும். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. இதுதான் எனக்கு எரிச்சல்.

‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கட்டம் இன்னொரு வித்தை. யாரும் சாப்பிடாத சின்ன அளவைப் பரிமாறல் என்று வைத்தால் எந்தச் சர்க்கரையும் குறைவாகத்தான் தெரியும். 100 கிராமுக்கு என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள், இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அது ஒன்றுதான் வழி.

வீட்டில் செய்தால் எல்லாம் ஆரோக்கியம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. மேலே நான் கொடுத்த அளவில் 120 கிராம் தேனில் சர்க்கரை ஏறக்குறைய 98 கிராம், அதோடு பழுப்புச் சர்க்கரை 50. பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்குச் சுமார் 12 கிராம். இது தின்பண்டம், மருந்து இல்லை. ஆனால் அளவு நம் கையில் இருக்கிறது, யாரும் பெயர் மாற்றி ஒளிக்கவில்லை.

உங்கள் பாக்கெட்டில் முன்பக்கச் சொல்லும் பின்பக்கப் பட்டியலும் நேரடியாக முரண்பட்டால் இரண்டையும் படம் எடுத்து, பில்லோடு, உங்கள் நாட்டின் உணவுத் தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பணம் திரும்பி வராமல் போகலாம். புகார் பதிவாகட்டும்.

கேள்வி: தேன் பாட்டிலின் அடியில் கட்டியாகி உறைந்துவிட்டது. கலப்படம் என்று கொட்டிவிட்டேன். அடுத்த முறை நல்ல தேனை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொட்டிவிட்டீர்களா! குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் தானாகவே உறையும், உறைவது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை. பாட்டிலை வெந்நீரில் வைத்திருந்தால் இளகியிருக்கும்.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்துவது எல்லாம் வேடிக்கை, நம்பாதீர்கள். கரும்பு, சோளப் பாகு கலந்ததைக் கார்பன் ஐசோடோப் சோதனை பிடிக்கும். அரிசிப் பாகு அதையும் தாண்டிப் போய்விடும் என்பதால் அதற்கு வேறு கருவிகள் வைத்திருக்கிறார்கள். சோதனைச்சாலைக்கே சிரமமான வேலையைச் சமையலறையில் எப்படிச் செய்வது? ஓவன் சூட்டில் தேனின் நுட்பமான மணம் எப்படியும் போய்விடும். ‘ஒரே பூவின் தேன்’ என்று விலை கூட்டி வைத்திருப்பதை அப்படியே சாப்பிட வாங்குங்கள், பாருக்குச் சாதாரணத் தேன் போதும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் சேர்த்த பாரை ஊறவைத்துக் கொடுக்கலாமா? சுட்டதுதானே?

பதில்: கூடாது. ஒரு வயது ஆகும்வரை தேன் எந்த உருவத்திலும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், அவை வீட்டு ஓவனில் சாகும் என்று நம்ப முடியாது.

கேள்வி: மகள் ஊரிலிருந்து வருகிறாள் என்று கால் கிலோ வால்நட் வாங்கிப் பார் செய்தேன். கசப்பு, ஒரு மாதிரி வாடை. கடையில் கேட்டால் “வறுத்தால் போய்விடும், திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். எனக்கு ஓய்வூதியம் மட்டும்தான் வருமானம்.

பதில்: படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. பருப்பு மட்டுமா போயிற்று? தேன், வெண்ணெய், உங்கள் மெனக்கெடல் எல்லாம் சேர்ந்தல்லவா போயிற்று.

வறுத்தால் போகாது. வால்நட்டில் உள்ள எண்ணெய் காற்றும் சூடும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். பழைய பெயின்ட் வாடை வரும், நாக்கின் பின்பக்கம் கசக்கும். வறுத்தால் இன்னும் மோசமாகும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது.

மிச்சப் பருப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. பாக்கெட்டில் வந்ததானால் தொகுதி எண், தேதி தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு கடையிலும் தயாரித்த கம்பெனியிலும் எழுதிக் கொடுங்கள். பில் இல்லாவிட்டால் கார்டில் அல்லது போனில் பணம் கட்டிய பதிவு இருக்கிறதா பாருங்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள், தனியாக வருகிற பெரியவர்களைச் சிலர் சுலபமாக விரட்டிவிடுகிறார்கள்.

இனி மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற இடத்தில் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் வேறு கடை. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ஆளி விதையும் இப்படித்தான் சிக்குப் பிடிக்கும், பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். சலுகை விலை என்று நான் ஒரு பெரிய பை வாங்கி, பாதியைச் செடிக்குப் போட்டேன்.

கேள்வி: கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயுள்ள விருந்தாளிக்கு ஓட்ஸ் பார் கொடுக்கலாம்தானே? ஓட்ஸில் குளுட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லை என்கிறார்கள்.

பதில்: ஓட்ஸில் கோதுமையின் குளுட்டன் இல்லை. ஆனால் வயலில், லாரியில், ஆலையில் கோதுமையோடு கலந்துவிடும். ‘குளுட்டன் இல்லாதது’ என்று சான்றிட்டதை மட்டும் வாங்குங்கள். சர்வதேச உணவுத் தரநிலைப்படி அதற்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கரண்டி பொதுவாகக் கிடக்கும் சில்லறைத் தொட்டி ஓட்ஸ் கூடவே கூடாது. சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளும் உண்டு, செய்வதற்கு முன் விருந்தாளியிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சலுகையில் பத்து கிலோ ஓட்ஸ் மூட்டை வாங்கிவிட்டேன். இதுவரை பார் செய்ததில்லை, ஓவனும் இனிமேல்தான் வாங்க வேண்டும். பூச்சி வருமா?

பதில்: வரும். சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து, முறை வைத்து நாலு நாள் ஃப்ரீசரில் போட்டு எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பையைத் திறக்காமலே அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள். என் அளவுப்படி ஒரு தட்டுக்கு 250 கிராம், ஆக நாற்பது தட்டு, 480 பார். ஓவன் வாங்கும்போது பில்லைத் தொலைக்காதீர்கள்.