கடல் கல்விக்காக மீனவர்களும் ஆய்வாளர்களும் ஏன் ஒன்றுகூட வேண்டும்?

கடலை நம்பி வாழ்பவர்கள், அதை ஆராய்பவர்கள், பள்ளியில் கற்பிப்பவர்கள் ஆகியோர் கூடித் தாம் அறிந்ததைப் பகிர்ந்துகொள்வதே கூட்டுக் கடல் கல்வி. கடலைப் பற்றிய அறிவு ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் காரணம்.

பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டிதான் ஈனும். ஒன்று வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்தாலும் பேரிழப்பு என்று ஆய்வாளர் சொல்வார். அது எங்கே மேய்கிறது என்பது மீனவருக்குத் தெரியும். 2022-இல் தமிழ்நாடு அரசு அங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நல்ல முடிவு, ஆனால் நடுக்கடலில் வலையை அறுத்துக் கடற்பசுவை விடுவிப்பவர் மீனவர்தான். குழந்தையின் நோயை மருத்துவர் கண்டறிந்தாலும், நேற்று அது என்ன சாப்பிட்டது என்பதைத் தாயிடம்தானே கேட்கிறார்?

மீனவர்களுக்கு வகுப்பெடுப்பதே கூட்டுக் கடல் கல்வி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காற்றையும் நீரோட்டத்தையும் மீன் வரும் பருவத்தையும் பற்றி ஆய்வாளர்களுக்குக் கற்றுத்தருபவர்களும் அவர்களே.