அயர்ன் பாக்ஸில் சி.இ. முத்திரை இருந்தால் போதுமா, ஐ.எஸ்.ஐ.யும் வேண்டுமா?

போதாது. எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும். இங்கே விற்கும் அயர்ன் பாக்ஸுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம், சி.இ. அதற்கு ஈடாகாது.

சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தையில் விற்பதற்கான அடையாளம். வீட்டு மின்சாதனங்களைப் பொறுத்தவரை, 'எங்கள் பொருள் உங்கள் விதிப்படிதான் இருக்கிறது' என்று தயாரிப்பாளரே பொறுப்பேற்று அச்சடித்துக்கொள்வதுதான் பெரும்பாலும். ஐ.எஸ்.ஐ. வேறு மாதிரி. இந்தியத் தர அமைவனமான பி.ஐ.எஸ். அதிகாரிகள் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்து, மாதிரியைச் சோதித்த பிறகே உரிமம் தருவார்கள். அதோடு விடுவதில்லை, கடையிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுடவைக்கும் ராடு, ஒயர் எல்லாம் 2003-இல் வந்த ஆணையிலேயே இந்த ஐ.எஸ்.ஐ. கட்டாயத்துக்குள் வந்துவிட்டன.

ஆனால் முத்திரையின் படத்தை யாரும் அச்சடிக்கலாம். அதனால் எண்ணைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும். கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். இதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு, எந்த பிராண்டுக்கு, உரிமம் இன்னும் செல்லுமா என்று எல்லாம் வரும். பொருள், பிராண்ட் இரண்டையும் கட்டாயம் ஒத்துப்பாருங்கள். உரிமம் கம்பெனிக்கு மொத்தமாகத் தருவதில்லை. குறிப்பிட்ட தொழிற்சாலையில் செய்யும் குறிப்பிட்ட பொருளுக்குத்தான். ஒயருக்கு வாங்கிய எண்ணை அயர்ன் பாக்ஸில் அடித்துக் கொண்டுவந்த ஏஜென்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணே இல்லாமல் வெறும் படம் மட்டும் என்றால் செயலியைத் திறக்கவே வேண்டாம், அந்தப் பொருளே வேண்டாம்.

மொபைல் சார்ஜருக்கு சி.எம்/எல் இருக்காது, 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதையும் அதே செயலியில் பார்க்கலாம். ஃபேனிலும் ஃபிரிட்ஜிலும் இருக்கும் நட்சத்திரங்கள் கரண்ட் செலவைச் சொல்பவை, பாதுகாப்பை அல்ல.

இன்னொன்று, ஐ.எஸ்.ஐ. இருந்தால் பத்து வருஷம் உழைக்கும் என்று நினைக்காதீர்கள். ஷாக் அடிக்கிறதா, சூடு எல்லை மீறுகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்பது போன்றவைதான் அந்தச் சோதனை. மூன்று பின் பிளக் உள்ள அயர்ன் பாக்ஸை எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில் செருகினால் எந்த முத்திரையும் காப்பாற்றாது. அந்த பிளக் பாயின்ட்டை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.